கன்னம் இல்லாத படம்

“இது முடிஞ்ச படமா, முடியாத படமா? அது ஒண்ணை மட்டும் சொல்லிருங்க. நான் கீழ எறங்கிப் போயிர்றேன்.”

மலையேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் நாச்சிமுத்து கேட்டுவிட்டார்.

குருவம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் வாசலில் வந்து நின்ற மேகத்தைப் பார்த்தாள்.

“வழி விடுங்க. அது உள்ள வரட்டும்,” என்றாள்.

நாச்சிமுத்து ஒதுங்கி நின்றார். மேகம் உள்ளே வந்தது. கூடத்தில் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு பின்கட்டு வழியாக யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

“இப்ப நீங்க வாங்க.”

குருவம்மா என்பது பட்டம் என்று நினைத்துக்கொண்டு மலையேறி வருகிறவர்கள் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான். படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அவளை ‘அவர்’ என்று சொன்னால் பின்னால் வேறு யாரோ வந்து நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பாள். அதனால் நாமும் ‘அவள்’ என்றே சொல்வோம்.

நாச்சிமுத்துவோ லேசுப்பட்ட ஆள் இல்லை. கீழே நகரத்துச் சித்திரக் கூடத்தில் எந்தப் படம் சுவரேற வேண்டும், எது பெட்டிக்குள் போக வேண்டும் என்று மதிப்பிட்டுச் சொல்கிறவர். அவர் தலையை ஒரு தரம் ஆட்டினால் ஒரு ஓவியனுக்கு வாழ்வு, ஆட்டாவிட்டால் அதோடு சரி. இவ்வளவு இருந்தும், தலை முழுக்க நரைத்த பிறகு, மகள் வயதுள்ள குருவம்மாவிடம் வந்து சீடனாகச் சேர்ந்துகொண்டார். ஊரில் சிரித்தார்கள். அவருக்கு அதைப்பற்றி அக்கறை இல்லை.

அட்டை இரண்டுக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்த படத்தை அவிழ்த்தார். மேலே மூடியிருந்த மெல்லிய தாளை இரண்டு விரலால் தூக்கினார். கைக்குழந்தையின் போர்வையை விலக்குகிற மாதிரி இருந்தது அது.

கரியில் தீட்டிய ஒரு பையனின் முகம்.

படிய வாரிய தலைமுடி. முன்னால் வந்து நிற்கிற காது. எதையோ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கண். மேல் பித்தான் பூட்டிய சட்டை. எல்லாம் அச்சு அசலாக இருந்தது. கன்னம் மட்டும் இல்லை. காதோரத்திலிருந்து தாடைவரை இரண்டு பக்கமும் வெறும் காகிதம். தாடைக்குக் கீழேயோ கரி அப்பிக் கிடந்தது. பையனுக்குத் தாடி முளைத்துவிட்டது போல.

“யார் போட்டது?”

“செங்கோடன்னு ஒருத்தர். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. யாருமே கேள்விப்பட்டதில்லீங்க. சந்தையில புளியமரத்தடியில உக்காந்து, வர்றவங்க போறவங்க மூஞ்சியைப் போட்டுக் குடுப்பாரு. புளியங்குச்சியைச் சுட்டு அவரே கரி பண்ணிக்குவாரு.”

“பையன்?”

நாச்சிமுத்து கொஞ்சம் தயங்கினார்.

“நானுங்க. செங்கோடன் எங்கப்பா.”

குருவம்மா படத்தையும் பார்த்தாள், எதிரே நின்ற கிழவரையும் பார்த்தாள்.

“காது அப்படியே இருக்குது,” என்றாள்.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“வெள்ளிக்கிழமை எங்க கூடத்துல அப்பாவுக்குன்னு ஒரு அறை திறக்கறாங்க. வீடு வீடாப் போய்ப் படம் சேத்தியிருக்கறோம். எனக்கே தெரியலீங்க, இவ்வளவு நல்லாப் போட்டிருக்காருன்னு. தயிர்க்காரம்மா மூஞ்சி, மாட்டுத் தரகர் மூஞ்சி, யாரோ ஒரு சாமியார் மூஞ்சி. ஒவ்வொண்ணும் பேசுது. ஒவ்வொண்ணும் முழுசா இருக்குது. ஒரு மரு விட்டுப்போகலை. ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டேன். இதுக்கு மட்டும் எழுத முடியலை.”

“ஏன்?”

“முடியாததுன்னு எழுதினா, அது சுவருக்கு வராது. பெட்டிக்குப் போயிரும். அது எங்க கூடத்து வழக்கம். நான் போட்ட வழக்கந்தான்.”

“போகட்டும். பெட்டியில என்ன கொறச்சல்?”

அவருடைய குரல் சட்டென்று உயர்ந்தது.

“ஊர்ல எல்லார் மூஞ்சியையும் முடிச்சுக் குடுத்தவரு, பெத்த பையன் மூஞ்சியை ஏன் முடிக்கலை? அதைச் சொல்லுங்க எனக்கு. மாட்டுத் தரகருக்கு இருக்கற கன்னம் எனக்கு ஏனில்லை?”

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகப் போயிற்று. இத்தனை வயதில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டாகிவிட்டது. மலையேறி வந்தது இதற்காகத்தான்.

குருவம்மா எழுந்து உள்ளே போனாள். சுக்குக் காபியோடு வந்தாள். படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்தாள்.

“காபி குடிக்கறப்போ அவன் பாத்துட்டே இருக்கான். பாவமா இருக்குது,” என்றாள்.

இருவரும் குடித்தார்கள். படத்தின் முதுகு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எப்ப போட்டாரு?”

“நான் ஹாஸ்டலுக்குப் போறதுக்கு மொத நாளுங்க. உக்காருடான்னாரு, உக்காந்தேன். பாதி போட்டுட்டு இருக்கறப்பவே இருட்டிருச்சு. மீதியை நெனப்புல இருந்து போட்டுக்கறேன் கண்ணு, நீ போய்த் தூங்குன்னாரு. விடிஞ்சா பஸ்ஸு. போயிட்டேன்.”

“அப்புறம்?”

“காப்பரீட்சை லீவுல வந்து பாத்தா, கன்னமில்லை. ஏப்பா முடிக்கலைன்னு கேட்டேன். முடிச்சேன் கண்ணு, நிக்க மாட்டீங்குதுன்னாரு. கஞ்சித் தண்ணியை ஊதித் தெளிச்சா நிக்குமில்லன்னு கேட்டேன். சந்தையில எல்லாப் படத்துக்கும் தெளிப்பாரு. தெளிச்சுட்டா அப்புறம் கரி கையில ஒட்டாது, உதுராது. ஆமா, நிக்கும்னாரு. சொல்லிட்டு சமையக்கட்டைப் பாத்துச் சிரிச்சாரு.”

“தெளிச்சாரா?”

“இல்லீங்க. கடைசி வரைக்கும் தெளிக்கலை. ஊருக்கெல்லாம் தெளிச்ச கஞ்சித் தண்ணி எனக்கு ஒரு வாய் இல்லாம போச்சு.”

குருவம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

பையனின் இரண்டு கன்னங்களும் விளக்கேற்றின மாதிரி ஒளிர்ந்தன. அந்த இடத்தில் மட்டும் காகிதம் வெங்காயத் தோலாக மெலிந்திருந்தது.

“இது என்ன?”

நாச்சிமுத்துவுக்கு அது தெரிந்த பாடம்தான். கண்ணாடி போட்டுப் பலமுறை பார்த்துவிட்டார்.

“போட்டுப் போட்டு அழிச்சிருக்காரு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. கரிக்கு மேல கரி, அதுக்கு மேல கரி. அழிச்ச தடம் அடுக்கடுக்கா இருக்குது. எண்ணெய் வேற ஏறியிருக்குது, ஏதோ எண்ணெய்க் கையோட வேலை பாத்திருக்காரு. மத்த படத்துல ஒரு கோடுகூட அவரு அழிச்சதில்லை. எம் மூஞ்சி மட்டும் அவருக்கு வரலீங்க. அவ்வளவுதான். பழகின மூஞ்சி. பாத்துப் பாத்து அலுத்துப்போன மூஞ்சி.”

“நல்லாப் பாத்திருக்கீங்க,” என்றாள் குருவம்மா.

அவள் பாராட்டினால் பயப்பட வேண்டும் என்று சீடர்களுக்குத் தெரியும். நாச்சிமுத்து பயந்தார்.

“கொஞ்சம் படுங்க. ஏறி வந்த அலுப்பு,” என்றாள்.

“எனக்குத் தூக்கம் வராதுங்க.”

“வராட்டி சும்மா படுங்க.”

பாய் விரித்தாள். படத்தை அவருடைய தலைக்கு நேரே சுவரில் சாய்த்து வைத்தாள். பட்டப்பகல். ஜன்னல் வழியாக இன்னொரு மேகம் உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் படுத்துக்கொண்டது. நாச்சிமுத்து அதை விரட்டலாமா என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

கனவில் அந்தப் பையன் வந்தான். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று போய் வந்துகொண்டிருந்தது.

“நான் இன்னும் முடியவே இல்லை. நீ மட்டும் கெழவனாயிட்டே,” என்றான்.

“நான் என்னடா பண்ணட்டும்?”

“தள்ளிக்கோ. மறைக்கிறே.”

நாச்சிமுத்து தள்ளிக்கொண்டார். அவர் நின்றிருந்த இடத்தில் இப்போது வேறொருவர் வந்து நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஈரம் சொட்டும் புடவை முந்தானை. இரண்டு கைகள் பையனை நோக்கிப் போயின. பிறகு ஒரு சத்தம். சுள்ளி முறிகிற மாதிரி, படபடவென்று. ஏதோ ஒன்று முடிந்துவிட்ட நிம்மதி அந்தச் சத்தத்தில் இருந்தது. கனவு முழுக்க அதன் பிறகு நல்ல வாசனை, விளக்கெண்ணெயும் வெந்த சோறும் கலந்தது.

விழித்தபோது மேகம் போயிருந்தது. பாயின் ஓரம் ஈரமாக இருந்தது.

“அடுப்பு பத்த வெச்சீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்களே.”

“சுள்ளி ஒடைக்கற சத்தம் கேட்டுது.”

“இங்க சுள்ளி ஏது? எனக்கு கேஸ் அடுப்பு,” என்றாள் குருவம்மா.

அவள் படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் தூங்கின நேரம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தோன்றியது.

“இந்தப் படம் உங்க வீட்ல எங்க இருந்துச்சு?”

“சமையக்கட்டுக் கதவோரம்.”

“கூடத்துல மாட்டலையா?”

“கூடத்துல மாட்டற லட்சணமா அதுக்கு? வந்தவங்க போனவங்க பாக்கற மாதிரி ஒரு இடத்துல வெக்கலை. அதும் ஒசரத்துல மாட்டாம, கை எட்டற இடத்துல நாலு ஆணி. புகையிலயும் ஆவியிலயும் கெடந்துச்சு.”

“கண்ணாடிச் சட்டம்?”

“அப்பா போடறேன்னாராம். அம்மாதான் வேண்டாம்னுட்டாங்க. செத்தவங்க படத்துக்குத்தான் கண்ணாடி, உசுரோட இருக்கற பையனை எதுக்குக் கண்ணாடிக்குள்ள போட்டு அடைக்கோணும்னு ஒரே சண்டை. அம்மாவுக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?”

“என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அப்பா போட்ட படம் எதையும் உக்காந்து பாத்ததே இல்லை. எப்பப் பாரு அடுப்படி. நான் ஏதாவது குறும்பு பண்ணினா, ஏன்டா எங்க மூஞ்சியில கரியைப் பூசறேன்னு திட்டுவாங்க. நான் சிரிச்சுக்குவேன். எங்க வீட்ல யாருக்குத்தான் கரி இல்லை? அப்பாவுக்கு வெரல்ல கரி. அம்மாவுக்குக் காதோரத்துல கரி. எனக்கு மூஞ்சியே கரி.”

இதை அவர் நண்பர்களிடம் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“காதோரத்துலயா?” என்றாள் குருவம்மா.

“ரெண்டு பக்கமும். அடுப்புக் கரிதான். ஹாஸ்டலுக்கு என்னைப் பாக்க வர்றப்பக்கூட அப்படியே வருவாங்க. காலையில கெளம்பற அவசரத்துல கழுவக்கூட மறந்துருவாங்க போல. பசங்க ஒருமாதிரி பாப்பாங்க.”

குருவம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எங்கோ ஒரு பறவை கூப்பிட்டது. இன்னொன்று பதில் சொல்லவில்லை.

“அப்பா முதல்ல போனாங்களா, அம்மா முதல்ல போனாங்களா?”

“அப்பாதான். அம்மா அதுக்கப்புறம் கொஞ்ச வருசம் இருந்தாங்க. ஏன் கேக்கறீங்க?”

“அதான் கடைசியா கன்னம் போடறதுக்கு ஆளில்லாம போச்சு.”

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பொழுது சாய்வதற்குள் மலையிறங்க வேண்டும்.

“நீங்க பதில் சொல்லலை. போகட்டும். நானே எழுதிக்கறேன். முடியாதது. அப்படித்தானே?”

“எழுதுங்க,” என்றாள்.

பேனா தாளைத் தொடுகிற நேரம். ஏதோ அசைவதைப் பார்த்து நிமிர்ந்தார்.

குருவம்மாவின் இரண்டு கைகளும் படத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தன.

“தொடாதீங்க!”

அவர் கத்திய கத்தலில் கூடம் அதிர்ந்தது. கஞ்சி தெளிக்காத கரிப்படம். மூச்சுக்காற்று பட்டாலே உதிரும். முதல் நாள் வந்த சீடனுக்குக்கூடத் தெரிந்த விதி, தொடக்கூடாது என்பது. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான்.

குருவம்மா தொட்டாள்.

பையனின் காதோர முடியில் பத்து விரல்களையும் வைத்தாள். இரண்டு கன்னங்களையும் மெல்ல வழித்துக்கொண்டு தாடைவரை வந்தாள். முடியின் கரி கொஞ்சம் விரலோடு வந்தது. கொஞ்சம் தாடைக்குக் கீழே போய் ஒதுங்கியது, ஏற்கெனவே ஒதுங்கியிருந்த இடத்திலேயே.

பிறகு கைகளைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனாள். விரல்களை மடக்கி, காதோரத்தில் வைத்து அழுத்தி நெட்டி முறித்தாள்.

படபடவென்று சத்தம் கேட்டது. சுள்ளி முறிகிற அதே சத்தம்.

“அத்தனை கண்ணும் போச்சு,” என்றாள். “எஞ்சாமி எங்க இருந்தாலும் நல்லா இருக்கோணும்.”

கைகளை இறக்கினாள்.

அவளுடைய காதோரத்தில், இரண்டு பக்கமும், கரி.

நாச்சிமுத்துவின் கையிலிருந்த பேனா எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து வாசலில் காத்திருந்த மேகம் உள்ளே நுழைந்தது. சுவர் மறைந்தது. பாய் மறைந்தது. குருவம்மாவின் கண், மூக்கு, வாய் எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு கரித்தடங்கள் மட்டும் அந்த வெள்ளையில் எஞ்சி நின்றன. அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய முகம் எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பஸ் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்த முகம். ஹாஸ்டல் வாசலில் பலகாரத் தூக்கோடு நின்ற முகம். “போய்க் கழுவிட்டு வாம்மா, பசங்க பாக்கறாங்க,” என்று அவர் சொன்னபோது, “சரி கண்ணு,” என்று சிரித்த முகம். அன்றைக்குக் காலையிலும் அம்மா கிளம்பும்போது சமையக்கட்டுக் கதவோரம் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் வந்திருப்பாள். பையன் ஊரில் இல்லாத ஒவ்வொரு நாளும் நின்றிருப்பாள். அவள் அடுப்படிக்குத் திரும்பின பிறகு, அப்பா புளியங்கரியை எடுத்துக்கொண்டு வந்து, காணாமல் போன கன்னத்தை மறுபடி போட்டிருப்பார். சமையக்கட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போட்டிருப்பார்.

நிக்க மாட்டீங்குது கண்ணு.

நாச்சிமுத்து அழுதார். மேகத்துக்குள் நின்று அழுவதில் ஒரு வசதி இருந்தது. எது ஈரம், எது கண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. அவர் சத்தம் போட்டே அழுதார்.

மேகம் தன் பாட்டுக்கு விலகியது. எதிரே குருவம்மாதான் உட்கார்ந்திருந்தாள். கையைப் புடவையில் துடைக்காமல் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். பையனின் கன்னம் முன்னைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது.

தரையில் கிடந்த வெள்ளைச் சீட்டை அவள் எடுத்து நீட்டினாள்.

“எறங்கற நேரமாச்சு. என்ன எழுதப்போறீங்க? நான் வேற கை வெச்சுக் கெடுத்துட்டேன். பெட்டியிலயே போட்டுரலாங்களா?”

நாச்சிமுத்து சீட்டை வாங்கவில்லை. மெல்லிய தாளையும் தேடவில்லை. படத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அவளுக்கு எட்டுகிற உயரத்தில், முகத்தை அவள் பக்கம் திருப்பி, பிடித்துக்கொண்டார்.

“இன்னொருக்கா,” என்றார்.